கிருஷ்ணவேணி ஏற்றிவிட்ட கொடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூற்றிருபது சொல்லுக்குள் அடங்க மறுத்த ஒரு குறிப்பிலிருந்து வந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஒரு காலத்தில் நெல் மில்லாக இருந்த கட்டடத்தில் எங்கள் ஆய்வு நூலகம் இருக்கிறது. நெசவு, கோயில், ஊர் நிர்வாகம் தொடர்பான பழைய தாள்களைச் சேர்த்துவைப்பது எங்கள் வேலை. அந்த வருடம் வந்து சேர்ந்தவற்றைப் பற்றி ஆண்டுதோறும் ‘புதிய வரவுகள்’ என்று ஒரு சிறு நூல் போடுவோம், ஒரு கண்காட்சியும் வைப்போம். ஒவ்வொரு வரவுக்கும் நூற்றிருபது சொல். எழுதுகிறவன் நான். பெயர் குமரகுரு. பதினாறு வருடமாக எழுதுகிறேன். என் குறிப்பைப் படித்து இதுவரை யாரும் சந்தோஷப்பட்டதில்லை, யாரும் சண்டைக்கும் வந்ததில்லை.

சென்ற வருடம் எழுதிய ஒரு குறிப்பின் தலைப்பகுதி இது:

வரவு எண் 2317. பட்டுச் சேலை வடிவமைப்புத் தாள்கள், 612. காலம் 1978 முதல் 2009 வரை. வரைந்தவர்: கலியாணசுந்தரம். வழங்கியவர்: அவர் மகன் ஆனந்தகுமார். உதவி: பெயர் அறியப்படாத ஒரு பெண் (நிறம் தீட்டியவர்).

முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எண் சரிதான். வழங்கியவர் பெயரும் சரிதான்.

2

கதையை எங்கே தொடங்குவது என்பதில் நிறைய தாள் கிழிந்தது.

முதல் தொடக்கம்: ‘பாலாற்றில் தண்ணீர் வந்த அந்த வருடத்தில்தான்’ (விட்டுவிட்டேன். இந்தக் கதையில் ஆற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. எழுதுகிறவனுக்கு ஆறு பிடிக்கும், அவ்வளவுதான்.)

இரண்டாவது: ‘கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் எங்கள் நூலகத்தின் படியேறி’

இதை எழுதி முடித்துக் கிருஷ்ணவேணியிடம் காட்டினேன். அவரைப் பற்றிய கதை. எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவரிடம் காட்டுவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அவர் கையில் பென்சிலோடுதான் படிப்பார்.

“நான் எங்க சார் அழுதேன்?”

“ஒரு இதுக்காக எழுதினேன் மா.”

“இன்னா இதுக்காக? நான் அன்னிக்கி சாப்பாட்டுப் பையோட வேலைக்குப் போற வழியில வந்தேன். அழுதுக்கினு வந்தா வேலைக்கி எப்டிப் போறது?”

ஆகவே நடந்தபடியே எழுதுகிறேன். டிசம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஓரிக்கையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் இறங்கினார். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் போன். என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். திரையில் எங்கள் நூலகம் முந்தின ஞாயிறு வெளியிட்ட படம்: 2317-இலிருந்து ஒரு தாள், கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய ஒரு பூங்கொடி.

“சார், ஒரு நிமிஷம். இந்தப் போட்டோவத் தலைகீழாப் போட்டுக்கினு இருக்கீங்க.”

“எது மா?”

“தோ, இந்தக் கொடி. இது மேல ஏறுற கொடி சார். நீங்க தொங்க வுட்டுட்டீங்க.”

கொடியைப் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. “ஏறுதா எறங்குதான்னு எப்படி மா சொல்றீங்க?”

“நான்தானே சார் ஏத்திவுட்டேன்.”

3

இந்த இடத்தில் வாசகர் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நாற்காலியைவிட்டு எழுந்து, “உட்காருங்கள் அம்மா, விவரமாகச் சொல்லுங்கள்” என்றிருக்க வேண்டும். முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

உண்மையில், “சரி மா, நோட் பண்ணிக்கிறேன்” என்றேன். நோட் பண்ணவில்லை. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

(அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் எவ்வளவு துணிய வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில், கணினியில் சேலை டிசைன் போடும் ஒரு நிலையத்தில் அவருக்கு வேலை. கூட வேலை செய்கிற இளவட்டங்களிடம் சில வருடத்துக்கு முன், ‘பழைய கடைச் சேலைங்க நெறைய நான் வரைஞ்சது’ என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். “அப்படியே தாஜ்மகாலும் நீங்கதான் கட்டினீங்களா அக்கா?” என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மாதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவது தடவையாக வாய் திறந்தது என்னிடம்.)

4

சனிக்கிழமை மறுபடி வந்தார்.

“இன்னும் தொங்கிக்கினேதான் இருக்குது சார்.”

என் பதிலை முந்திக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து சத்யப்ரியா வெளியே வந்தாள். கிழிந்த தாள், பூச்சி அரித்த தாள் எல்லாவற்றையும் சரிசெய்கிறவள் அவள்தான். மூன்று மாதமாக அந்த 612 தாள்களையும் ஒவ்வொன்றாகத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எது தொங்குது?”

கிருஷ்ணவேணி போனைக் காட்டினார். சத்யப்ரியா அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். “ஆமா சார், மொட்டு மேலதான வரணும்? அக்கா, இத எப்டிக் கண்டுபுடிச்சீங்க?”

“கண்டுபுடிக்க இன்னா இருக்குது மா. நான் போட்டது.”

சத்யப்ரியா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “இந்தக் கட்டுல சில தாள்ல ஒட்டுப் போட்டிருக்குது. அந்த ஒட்டுல மட்டும் கட்டமெல்லாம் கையால கோடு போட்டது. அது ஏன்னு எனக்கு மூணு மாசமா மண்ட கொடையுது.”

“அது என் பழைய ஸ்கூல் கிராப் பேப்பர் மா, ஒரு கட்டு வெச்சிருந்தேன்,” என்றார் கிருஷ்ணவேணி. “மாஸ்டர் எண்ணித்தான் தாள் குடுப்பாரு. கோடு தப்பாப் போச்சுன்னா வேற தாள் கெடையாது. ஸ்கூல் பேப்பர்ல கட்டம் சின்னது, இதுக்குச் சேராது. அதனால திருப்பிப் போட்டு, வெள்ளப் பக்கத்துல நானே கோடு இழுத்து ஒட்டிடுவேன்.”

சத்யப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு முந்திப் போட்டாள். நான் போட்டிருக்க வேண்டிய நாற்காலி.

5

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். என் சொல்லில், ஆனால் அவர் பென்சில் பட்ட சொல்லில்.

ஓரிக்கையில் பயிர் வைக்கும் குடும்பம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டார். 1995-இல் ஊரிலிருந்து நாலைந்து பெண்களோடு காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடிக்கு வேலைக்கு வந்தார். அங்கே கலியாணசுந்தரம் மாஸ்டர் சேலைக்கான டிசைனைக் கட்டத் தாளில் வரைவார். ஒரு கட்டம், தறியில் நூலும் நூலும் சேரும் ஒரு புள்ளி. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அட்டை தறிமேல் ஏறியதும் அதே பூ பட்டில் விழும். மாஸ்டர் கோடு போடுவார். பெண்கள் கட்டங்களுக்கு வண்ணம் நிரப்புவார்கள்.

இரண்டு வருடம் போனதும் மாஸ்டரின் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் மற்றவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிருஷ்ணவேணியைக் கோட்டைச் சரிசெய்யச் சொன்னார். அப்புறம் பாதிக் கொடி வரையச் சொன்னார். அப்புறம் முழுத் தாள். 1997 முதல் 2009 வரை அந்த மாடியிலிருந்து கீழே போன டிசைன் எல்லாம் கிருஷ்ணவேணியின் கோடு. கடைக்காரருக்குத் தெரியாது. அட்டை அடித்த பின் தேவைப்படாத தாள்களை மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போய் டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்தார். அந்தப் பெட்டிதான் எங்களிடம் வந்தது.

6

கலியாணசுந்தரத்தை நான் என்ன செய்வது?

அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பதில் சொல்ல வரமாட்டார். ஒரு வரைவில் அவரைத் திருடனாக எழுதினேன். ‘அவள் விரல்களின் உழைப்பைத் தன் பெயரில்’ என்று வேகமாகப் போனது வாக்கியம். கிருஷ்ணவேணி பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

“அவரு திருடல சார். பயந்தாரு. கை போச்சுன்னு தெரிஞ்சா வேல போயிடும்னு பயம். ஒவ்வொரு தீவாளிக்கும் ‘சொல்லிடறேன் வேணி, மொதலாளி கிட்ட சொல்லிடறேன்’னு சொல்லுவாரு.”

“சொன்னாரா?”

“எங்க சொன்னாரு?”

“கோவம் இல்லியா?”

“இல்லாம? தீவாளி அன்னிக்கெல்லாம் அவரு நெனப்புதான் வரும், பல்லக் கடிச்சிக்குவேன். ஆனா கலரப் பத்தி அவருகிட்டதான் கத்துக்கணும். அத்தயும் எழுதுங்க.”

அடுத்த வரைவில் அவரைப் பாவம் ஆக்கினேன். அதற்கும் கோடு. இப்போது அவரை அப்படியே விட்டிருக்கிறேன்: நடுங்கும் கை, சொல்லாமல் போன ஒரு வாக்கியம், சரியாக நிறம் பார்க்கும் கண்.

7

எங்கள் இயக்குநர் சம்பூர்ணம் மேடம் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் ஏற்பார். வரவுப் பதிவேடு அவர் அறையில் பூட்டிய அலமாரியில் இருக்கும். நூல் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருந்தது. கிருஷ்ணவேணி சொன்னதை மேடம் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“உங்கள நம்பலன்னு அர்த்தம் இல்ல மா. பதிவேட்டுல ஒரு பேர மாத்தினா, நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா காட்டறதுக்கு ஏதாச்சும் வேணும். அதுவும் செத்துப்போனவர் பேரு. அவர் பையனையும் கூப்பிடறேன். அவர் முன்னாடியே பாத்துடலாம்.”

ஒட்டைப் பிரிக்கக் கூடாது. வரவில் சேர்ந்துவிட்ட தாளைச் சேதப்படுத்த விதி இடம் தராது. ‘அப்போது எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது’ என்று எழுதியிருந்தேன். பொய். யோசனை சத்யப்ரியாவுக்கு வந்தது. அவளிடம் விளக்கு மேசை இருக்கிறது: மேலே கண்ணாடி, அடியில் விளக்கு. தாளை அதன்மேல் விரித்தால் ஒட்டுக்குப் பின்னால் எழுதியிருப்பது தெரியும், எழுத்து இடம் வலமாக மாறி.

ஆனந்தகுமார் ஶ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அரை நாள் விடுப்பு எடுத்து வந்தார். கிருஷ்ணவேணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. “இவங்கள எங்கப்பா வேல பாத்த கடையில பாத்திருக்கேன். கலர் அடிக்கிற பொண்ணு.”

“ஆமாங்க,” என்றார் கிருஷ்ணவேணி.

“மேடம், எங்கப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தது நெசந்தான். அதுக்காக அவரு வரையவே இல்லன்னா எப்டி? நான் இந்தப் பெட்டிய இங்க குடுத்ததே அவரு பேரு நிக்கணும்னுதான்.”

“அதுக்குத்தான் ஆனந்தகுமார் உங்கள வரச் சொன்னேன்,” என்றார் மேடம். கிருஷ்ணவேணி பக்கம் ஒரு தாளைத் தள்ளினார். “பாக்கறதுக்கு முன்னாடி எழுதிக் குடுங்க மா. ஒட்டுக்குப் பின்னால என்ன இருக்கும்?”

அவர் எழுதியது இன்றும் கோப்பில் இருக்கிறது: ‘என் காலாண்டுப் பரீட்சை கிராப் பேப்பர். பென்சிலால் குழி மாதிரி வளைந்த கோடு. என் பெயர், வகுப்பு. சிவப்பு மையில் மார்க். எவ்வளவு என்று எழுத மாட்டேன்.’

முதலில் யாளி போட்ட முந்தானைத் தாள். யாளியின் காலில் ஒட்டு. சத்யப்ரியா விளக்கைப் போட்டாள். பின்னால் சின்னச் சின்ன அச்சுக் கட்டங்கள். நடுவே, கீழிறங்கி மேலேறும் ஒரு பென்சில் வளைவு.

“கோடு இருக்குது!” என்று நான் கத்தினேன்.

“பத்தாவது படிச்ச எல்லாரும் போட்ட கோடுதான் இது,” என்றார் மேடம். “பேரு எங்க?”

இல்லை. இரண்டாவது தாளில் வெறும் கட்டம். மூன்றாவதில் இரண்டு எண்கள், அவ்வளவே. நான்கு, ஐந்து... கிருஷ்ணவேணி கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். “துண்டு துண்டா வெட்டி ஒட்டினேன். பேரு இருந்த துண்டு எதுல போச்சோ, இல்ல குப்பையில போச்சோ.” குரல் இறங்கிவிட்டது. தாஜ்மகால் சிரிப்பு அவர் காதில் மறுபடி கேட்டிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். (கேட்டதா என்று அவரிடமே கேட்டேன். “ஆமா சார், இத்த வெச்சிக்கோங்க” என்றார். என் ஊகத்தில் பென்சில் படாத ஒரே இடம்.)

ஆனந்தகுமார் எழுந்தார். “போதும் மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துட்டு நான் கெளம்பறேன். அன்னம் போட்ட தாள் ஒண்ணு இருக்கும். என் சம்சாரத்தோட கல்யாணச் சேல. 2003. எங்கப்பாவே என்கிட்ட காட்டி, ‘மருமகளுக்கு நான் குடுக்கறது’ன்னாரு. அத அவருதான் போட்டாரு. அதுல ஒட்டே இருக்காது, பாருங்க.”

சத்யப்ரியா அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். தேன் நிறத்தில் வரிசையாக அன்னங்கள், ஓரத்தில் பச்சைக் கரை. அழகான தாள். மேசைமேல் விரித்தாள். விளக்கு எரிந்ததும் கரையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருண்டு தெரிந்தது. ஒட்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வண்ணம் பொருந்தியிருந்தது.

பட்டைக்குள் எழுத்து. சத்யப்ரியா போனில் படம் எடுத்து, இடம் வலமாக மாற்றி, பெரிதாக்கினாள். முதல் எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

“ருஷ்ணவேணி,” என்று படித்தாள். “பத்து ஆ.”

கிருஷ்ணவேணிதான் கேட்டார். “மார்க்கு தெரியுதா மா?”

“தெரியுது அக்கா. பத்துக்கு நாலு.”

“ஐய! அத்த மட்டும் புக்குல போட்டுறாதீங்க சார்!”

சம்பூர்ணம் மேடம் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சத்யப்ரியா கிருஷ்ணவேணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். விளக்கு மேசை ஆடியது. நான் என்ன செய்தேன் என்றால், என் மேசைக்குப் போய், நூலகம் போட்ட படத்தை நேராகத் திருப்பிவிட்டு வந்தேன்.

(மதிப்பெண்ணை நூலில் போடவில்லை. கதையில் போடலாமா என்று கேட்டேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, “போடுங்க. அந்த வாத்தியாரும் படிக்கட்டும்” என்றார்.)

8

ஆனந்தகுமார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இந்த இடத்துக்கு நான் எழுதிய வசனம்:

‘“எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி ‘வேணிக் கோடு, வேணிக் கோடு’ன்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஏதோ டிசைன் பேருன்னு நெனச்சேன்...” அவர் குரல் உடைந்தது.’

நல்ல வசனம். ஆனால் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கலியாணசுந்தரமும் சொல்லவில்லை. செத்தவருக்கு நான் ஒரு நல்ல வார்த்தை தானம் பண்ணப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

ஆனந்தகுமார் உண்மையில் சொன்னது: “டீ சொல்லட்டுமா?”

டீ வந்தது. பாதி குடித்துவிட்டுக் கேட்டார். “அந்த அன்னம் நீங்க போட்டதா?”

“கோடு நான் போட்டது. கலர் மாஸ்டர் சொன்னது. கரைக்கு நான் நீலம் சொன்னேன். வேணாம், பச்சதான்னாரு. தாள் முடிஞ்சதும் பாத்தா அவரு சொன்னதுதான் சரி.” டம்ளரைக் கீழே வைத்தார். “உங்க வீட்டுக் கல்யாணம்னு என்கிட்ட சொல்லியிருந்தாரு. அதனாலதான் அந்த ஒட்டு வெளிய தெரியாம ஒட்டுனேன்.”

ஆனந்தகுமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் மேடத்தின் பக்கம் திரும்பினார். “அப்ப ரெண்டையும் எழுதுங்க மேடம். அவங்க கோடுன்னும் எழுதுங்க, எங்கப்பா கலர்னும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பழைய வரி படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இந்தக் கதையில் நான் விட்டுவிட்ட வாக்கியங்களை மறைக்காமல் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். மேடம் பேனாவைத் திறந்து, ‘பெயர் அறியப்படாத ஒரு பெண்’ என்ற என் சொற்களின்மேல் கோடு இழுத்தார். பதினாறு வருடத்தில் என் எழுத்தில் நடந்த மிகச் சிறந்த திருத்தம் அது.

9

கண்காட்சி பொங்கல் கழிந்த வாரம் திறந்தது. கிருஷ்ணவேணியின் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். தாஜ்மகால் வசனம் பேசியவனும் வந்திருந்தான், பெயர் சிட்டிபாபு. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவன் யாளியிடம் நின்றுவிட்டான். “அக்கா, இத கம்ப்யூட்டர்ல போட்டாலே எனக்கு ரெண்டு வாரம் ஆகும். கையிலயா போட்டீங்க? சாரி அக்கா. சத்தியமா சாரி.”

“பரவால்ல பா. தாஜ்மகால் நான் கட்டல,” என்றார் கிருஷ்ணவேணி.

பதினோரு மணிக்கு ஆனந்தகுமார் மனைவியோடு வந்தார். மனைவி பெயர் காவேரி. தேன் நிறப் பட்டு, பச்சைக் கரை. அந்த அன்னச் சேலையையே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கிருஷ்ணவேணி அசையாமல் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: அவர் அதை இதுவரை பார்த்ததே இல்லை. மாடியில் வரைந்த தாள் அட்டைக்குப் போகும். அட்டை தறிக்குப் போகும். சேலை எவர் வீட்டுக்கோ போகும். வரைந்தவர் கண்ணுக்குத் திரும்பி வராது. பன்னிரண்டு வருடம் வரைந்து, ஒரு சேலையைக்கூட முழுதாக அவர் பார்த்திருக்கவில்லை.

“தொடலாமா?” என்று கேட்டார்.

“உங்களுது தானே கா,” என்று காவேரி முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கிருஷ்ணவேணி அதை விரித்தார். திருப்பிப் பின்பக்க நூலைப் பார்த்தார். அன்னத்தின் கழுத்து வளைவை விரலால் தடவிக்கொண்டே போனார். இங்கே அவர் அழுதார் என்று எழுத என் கை துடிக்கிறது. அவர் அழவில்லை. உரக்கச் சிரித்தார், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். “கழுத்து கரெக்டா வந்துருக்குது சார்! அந்த எடத்துல ஒரு கட்டம் தள்ளிப் போட்டமோன்னு இருவது வருசமா சந்தேகம் எனக்கு!”

முதலில் கைதட்டியது சம்பூர்ணம் மேடம். பிறகு எல்லாரும்.

10

கைதட்டலோடு கதையை முடிக்கலாம். முடித்தும் பார்த்தேன். வேறு சில முடிவுகளும் கையில் இருந்தன.

அ) மாஸ்டர் எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம் பெட்டியின் அடியில் கிடைக்கிறது. (கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில் கிடைத்தது அந்துருண்டை.)

ஆ) நூலகம் கிருஷ்ணவேணிக்கு வேலை தருகிறது. (மேடம் உண்மையிலேயே கேட்டார். “எனக்கு ஏற்கெனவே வேல இருக்குது மேடம். சனிக்கெழம மட்டும் வரேன்” என்றார்.)

சனிக்கிழமைகளில் வந்தார். அவரும் சத்யப்ரியாவும் 612 தாள்களையும் இரண்டு அடுக்காகப் பிரிக்கத் தொடங்கினார்கள். மாஸ்டர் தன் கையால் வரைந்தவை 188. கிருஷ்ணவேணி வரைந்தவை 383. ஆறாவது சனிக்கிழமை மூன்றாவதாக ஓர் அடுக்கு மேசைமேல் மிஞ்சியது: 41 தாள்.

“இதையும் உங்க பேர்ல சேத்துடலாமே மா,” என்றேன். எனக்கு நூலின் அடுத்த பதிப்பு அவசரம்.

கிருஷ்ணவேணி என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி அந்த முதல் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டேன். “என்னுது இல்லாதத என் தலையில கட்டாதீங்க சார். எனக்குப் பண்ணத நான் இன்னொருத்தருக்குப் பண்ணுவேனா?”

அந்த 41 தாளைப் பற்றி அவர் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டேன். இந்த முறை நிஜமாகவே குறித்துக்கொண்டேன். வரைந்தவர் இடது கைக்காரர். மை இழுபட்டிருக்கும் பக்கத்தைப் பார்த்தால் தெரிகிறது. காலம் எண்பதுகளின் கடைசி. கிருஷ்ணவேணி வேலைக்கு வருவதற்கு முன்பு. ஊதா மையில் கோடு. ஒவ்வொரு கொடியிலும் ஓர் இலைக்கு மட்டும் வண்ணம் நிரப்பவில்லை, மறந்ததில்லை, வேண்டுமென்றே. ஒரு தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘சாயங்காலம் பூ வாங்கணும்.’

ஆனந்தகுமாருக்குத் தெரியவில்லை. பழைய கடையில் யாருக்கும் நினைவில்லை. ‘பெயர் அறியப்படாதவர்’ என்ற சொல்லை மேடம் இப்போது பதிவேட்டில் அனுமதிப்பதில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அது என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கலாம். இடது கையால் எழுதுகிற ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா, ஊதா மைப் பேனா வைத்திருந்தாரா, பட்டுக் கடை மாடியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாரா, கேட்டுப் பாருங்கள். அவரே இருந்தால் கையோடு கூட்டி வாருங்கள். இல்லாவிட்டால் அவர் எழுதிய ஒரு பழைய கடிதம் போதும். நூலகம் பத்திலிருந்து ஐந்து வரை, திங்கள் விடுமுறை. நாற்காலியை நானே போடுகிறேன்.

கடைசி வரியைப் பாதிவரை எழுதி வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

வரவு எண் 2317-இல் உள்ள நாற்பத்தொரு தாள்களை வரைந்தவர்